அறுநூற்றுப் பதினோராவது வரிசை

– அதான் சொல்றேன். திறந்த உடனே கூட்டி வகுத்து சராசரி எடுக்காத. முதல்ல ஃபைலப் பாரு.

– பாத்தாச்சு அண்ணா. நேத்து பூரா அதத்தான் பாத்தேன். கண்ணு பூத்துப்போச்சு.

– எதுல பாத்த?

– எக்செல்ல. வேற எதுல?

– மேல இருந்து கீழ உருட்டிட்டு வந்திருப்ப.

– உருட்டாம? எண்ணூறு வரிக்கும் ஒவ்வொண்ணா வணக்கம் சொல்லிட்டா வர முடியும்?

– அதுக்குப் பேர் பாக்கறது இல்ல.

– சரிங்க ஆபீசர். நீங்களே பாருங்க. நான் சாதாரண நர்ஸு. எனக்கு ஊசி போடத்தான் தெரியும்.

– நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. தோள்மேல மூச்சு விடாத.

– நாற்காலி மேல உன் சட்டை ஒரு வண்டி கிடக்கு. துவைச்சதா, துவைக்காததா?

– தெரியல.

– மோந்து பாத்தா தெரிஞ்சிடும்... துவைக்காதது. அண்ணா, போன வாரம் நான் வந்தப்பவும் இதே குவியல்தானே? அண்ணி மட்டும் இருந்திருந்தா...

– சட்டைக்கு வந்தியா, ஃபைலுக்கு வந்தியா?

– ஃபைலுக்குத்தான். டியூட்டி முடிச்சு நேரா வர்றேன். இத்தனைக்கும் உன்னத்தான் வார்டுக்கு வரச் சொன்னேன். அங்க ரெண்டு பேரும் உக்காந்து பாத்திருக்கலாம்.

– அந்தக் கட்டடத்துக்குள்ள வர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல.

– ரெண்டு மாசம் ஆச்சு.

– ஆகட்டும்.

– சரி, விடு. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அதாவது ஞாபகம் இருக்கா?

– காலைல இருந்து ஃபோன்ல எட்டு தடவ சொல்லிட்ட.

– ஒன்பதாவது தடவையும் கேளு. ஆறு மாசமா மத்தியான ஷிஃப்டுக்கு ஒரே ஒரு நர்ஸுதான். சும்மா சோதனை பண்ணிப் பாக்கறோம்னாங்க. நாளைக்கு அதையே நிரந்தரமாக்கப் போறாங்க. பதினாறு படுக்கைக்கு ஒருத்தி. கையெழுத்து ஆயிடுச்சுன்னா, அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ரெண்டாவது ஆள் வராது.

– அதுக்கு ஆதாரம் இந்த ஃபைலா?

– அவங்க ஆதாரமும் இதான். என் ஆதாரமும் இதான். நோயாளி மணி அடிச்சா நாங்க போய்ச் சேர எத்தன நிமிஷம் ஆச்சுன்னு ஒவ்வொண்ணும் இதுல பதிவாகியிருக்கு. அத வெச்சு ஆபீஸ்ல எப்பவும் டை கட்டிட்டு வருவாரே, அந்த டைக்காரர் ரிப்போர்ட் எழுதிட்டார். சராசரி ஆறு புள்ளி எட்டு நிமிஷமாம். எட்டுக்குள்ள இருந்தா ஒருத்தி போதுமாம்.

– நல்லாத்தானே இருக்கு.

– வாயில கெட்ட வார்த்தை வருது. ஆறு நிமிஷத்துல போய் நின்னிருந்தா நான் ஏன் தினமும் திட்டு வாங்கறேன்? ஒவ்வொருத்தரும் கால் மணி நேரம் கத்திட்டுக் கிடக்கறாங்க.

– கத்தறது இதுல வராது. நிமிஷம்தான் வரும். டைக்காரர் எதுல போட்டார்?

– நீ கணக்குப் போட வெச்சிருக்கியே ஆர்னு ஒரு சாஃப்ட்வேர், அதே ஆர்-லதான். கோர்ஸ் போயிட்டு வந்தார். மூணு நாள் கோர்ஸ். சர்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கார்.

– மூணு நாளா...

– ஏன் இழுக்கற?

– ஒண்ணுமில்ல. அவர் எழுதின கட்டளை ஏதாவது இருக்கா?

– மெயில்ல சேத்து அனுப்பியிருக்கார். சந்தேகம் இருந்தா யாரு வேணா சரிபாக்கலாம்னு ஒரு திமிரு.

– நல்ல பழக்கம்தான். அவர் திறந்த மாதிரியே நானும் திறக்கறேன். ... ஆச்சு. டிம்னு அடிச்சா நீளம் அகலம் சொல்லும். எண்ணூத்தி நாப்பத்தி மூணு வரி. ஆறு தலைப்பு.

– இது எனக்குத் தெரியாதா?

– தெரிஞ்சது அப்படியே உள்ள வந்திருக்கான்னு பாக்கணும். உன் எக்செல்ல எத்தன வரி?

– எண்ணூத்தி நாப்பத்தி நாலு. ... அண்ணா, ஒண்ணு காணோம். ஒண்ண முழுங்கிட்டாங்க.

– தலைப்பு எழுதின வரிய சேத்து எண்ணியிருக்க.

– ... ஓ.

– ஆபீசர்னு இப்போ கூப்பிடு.

– ரொம்பத்தான். மேல போ.

– ஹெட். முதல் ஆறு வரிய மட்டும் காட்டும்.

– தேதி, நேரம், படுக்கை, ஷிஃப்டு, நிமிஷம், நர்ஸு நம்பர். நிமிஷத்த மட்டும் பாரு. பதினொண்ணு, பதினாலு, ஒன்பது, பன்னெண்டு, பதிமூணு, பன்னெண்டு... பாத்தியா? இதுல ஆறு புள்ளி எட்டு எங்க இருந்து வரும்?

– ஆறு வரிய வெச்சுக்கிட்டு ஆடாத.

– நான் ஆடல. எனக்கு வயிறு எரியுது.

– கடைசி ஆறையும் பாக்கலாம். டெயில். ... அதுவும் ஒழுங்கா இருக்கு.

– அப்போ எங்கதான் தப்பு?

– தலையும் வாலும் நல்லா இருக்கற ஃபைலத்தான் நம்பக்கூடாது. அடுத்தது சம்மரி. ஒவ்வொரு தலைப்புக்கும் குறைஞ்சது எவ்வளவு, கூடினது எவ்வளவுன்னு சொல்லும். உங்க வார்டுல எத்தன படுக்கைன்னு சொன்ன?

– பதினாறு.

– அறுபத்தொண்ணாம் படுக்கைல ஒருத்தர் மணி அடிச்சிருக்கார்.

– அது... பதினாற திருப்பிப் போட்டிருப்பாங்க. எங்க வார்டு குண்டக்கா பண்ற வேலை. அவங்களுக்கு அவசரத்துல இடமும் வலமும் மாறிடும்.

– மருந்தும் அப்படித்தான் குடுப்பாங்களா?

– அண்ணா...

– ஷிஃப்டுல மத்தியானம்னு இருக்கு. மதியம்னு இருக்கு. மத்யானம்னு இருக்கு. மூணும் ஒண்ணா, இல்ல ஒரு நாளைக்கு உங்களுக்கு மூணு மத்தியானமா?

– யாரு என்ன அடிச்சா என்ன? படிக்கறவங்களுக்குப் புரியும்ல.

– படிக்கப்போறது மனுஷன் இல்லையே. உங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு...

– நிக்க வெக்கறதுக்குக்கூட அங்க ஆள் கிடையாது. ஒருத்திதான். அதத்தான் காலைல இருந்து கத்திட்டிருக்கேன். நிமிஷத்துக்கு வா.

– வர்றேன். இது இன்னும் சராசரிய பாதிக்கற தப்பு இல்ல. எஸ் டி ஆர்னு ஒண்ணு இருக்கு. ஃபைலோட எலும்ப மட்டும் காட்டும்.

– எக்ஸ்ரேன்னு சொன்னா எனக்குப் புரியும்.

– எக்ஸ்ரே. ... படுக்கை, முழு எண்ணு. சரி. நர்ஸு, முழு எண்ணு. சரி. நிமிஷம்...

– நிமிஷம்?

– ... அடப்பாவி.

– யாரு? நானா?

– டைக்காரன். நிமிஷத்த எண்ணாவே எடுக்கல. ஃபேக்டரா எடுத்திருக்கு.

– மனுஷ பாஷைல சொல்லு.

– சட்டைக்கு சைஸ் இருக்குல்ல. சின்னது, நடு, பெருசு. அதெல்லாம் பேரு. கூட்ட முடியாது. அந்த மாதிரி பன்னெண்டு நிமிஷத்த வெறும் ஒரு பேரா எடுத்து வெச்சிருக்கு.

– கூட்ட முடியலேன்னா அவர் எப்படி சராசரி எடுத்தார்?

– இதோ, அடுத்த வரில. எண்ணா மாத்துன்னு சொல்லியிருக்கார். அதுவும் மாத்திக் குடுத்துடுச்சு. நிமிஷத்த இல்ல. அந்தப் பேரு வரிசைல எத்தனாவது இடத்துல நிக்குதோ, அந்த நம்பர.

– புரியல.

– அகராதில எப்படி அடுக்குவாங்க? முதல் எழுத்தப் பாத்து. இதுவும் அப்படித்தான். ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டு வராது. ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... அப்படியே பத்தொம்போது வரைக்கும். எல்லாமே ஒண்ணுல ஆரம்பிக்குதுல்ல. அதெல்லாம் முடிஞ்சுதான் ரெண்டு.

– முட்டாள்தனமா இருக்கே.

– அதுக்கு அது எண்ணுன்னே தெரியாது. இப்போ சொல்லு. பத்து எத்தனாவது இடம்?

– ஒண்ணு... பத்து... ரெண்டாவது.

– பத்து நிமிஷம் காத்துக்கிடந்தவருக்கு ரெண்டு நிமிஷம்னு ஆயிடுச்சு. பன்னெண்டுக்கு நாலு.

– பதினஞ்சுக்கு?

– ஏழு.

– ரெண்டே நிமிஷத்துல நான் ஓடிப்போய் நின்னது?

– பன்னெண்டு.

– ... ஓடினா பன்னெண்டு. ஆடி அசைஞ்சு போனா ரெண்டு.

– மூணு நாள் கோர்ஸ்.

– அந்த ஃபிரேமக் கழட்டி அவர் தலைலயே மாட்டறேன் இரு. ஆனா அண்ணா, அதிகபட்சம் இருபது நிமிஷம்னு ரிப்போர்ட்ல இருக்கே. அது எப்படி?

– தேடறேன். ... இருபதுன்னு ஒரு வரிகூட இல்ல. இருக்கறதுலயே பெருசு பத்தொம்போதுதான்.

– அப்போ அந்த இருபது யாரு?

– இருபதாவது இடத்துல நிக்கறது. ஒண்ணுல இருந்து பத்தொம்போது வரைக்கும் பத்தொம்போது பேரு ஆச்சா? அதுக்கும் பின்னால ஒண்ணு நிக்குது. அது எண்ணே இல்ல. யாரோ நிமிஷக் கட்டத்துல எழுத்து அடிச்சிருக்காங்க. எல்லாம் நாசமானது அதனாலதான்.

– ஒண்ணுனாலயா?

– ஒண்ணு போதும். எண்ணூத்தி நாப்பத்திரெண்டு எண்ணு இருந்தாலும், நடுவுல ஒரு சொல் வந்துட்டா எல்லாமே சொல்லுன்னு முடிவு கட்டிடும். ஒருத்தர் பண்ண கூத்து. புத்தியுள்ளவங்க யாராவது எத்தன நிமிஷம்னு கேக்கற இடத்துல ‘வரல’ன்னு அடிப்பாங்களா?

– ‘வரல’ன்னா போட்டிருக்கு?

– இதோ, கடைசில. பத்தொம்போது பேரு, அப்புறம் வரல. ... என்ன?

– ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கா?

– சமையலறைல. டம்ளர் கழுவல.

– நான் கழுவிக்கறேன். நீ பாரு. ... அண்ணா, ஃபிரிட்ஜ்ல பல்பு மட்டும்தான் இருக்கு. எதத் தின்னு உயிரோட இருக்க?

– தண்ணிதானே கேட்ட. ஃபிரிட்ஜ ஏன் திறக்கற?

– அம்மா கேப்பாங்க. பாத்தேன்னு சொல்லணும்ல.

– நல்லா இருக்கேன்னு சொல்லு.

– போன வாரமும் அதத்தான் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி... விடு. வந்துட்டேன். ஏன் திரைல வேற ஏதோ ஓடுது?

– மாத்திட்டிருந்தேன். முதல்ல அந்தப் பேர எழுத்தாக்கணும், அப்புறம்தான் எண்ணாக்கணும். அந்த ஒரு படிய டைக்காரர் தாண்டிட்டார். ... ஒரு எச்சரிக்கை வருது. ஒரு கட்டத்த எண்ணாக்க முடியல, காலியா விட்டுட்டேன்னு.

– சராசரி போடு.

– என்ஏ.

– என்ன ஏ?

– தெரியாதுன்னு அர்த்தம். ஒண்ணு தெரியலேன்னா மொத்தமும் தெரியாதுன்னுதான் சொல்லும்.

– மீதி எண்ணூத்தி நாப்பத்திரெண்டு தெரியுமே.

– தெரிஞ்சாலும். அடம். அத ஒதுக்கிட்டு மீதிய எடுன்னு தனியா சொல்லணும்.

– எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மாதிரியே இருக்கு.

– யாரு?

– சட்டை துவைக்காத ஒருத்தர். சொல்லு, ஒதுக்கச் சொல்லு.

– ... பதினொண்ணு புள்ளி ரெண்டு.

– பதினொண்ணா?

– புள்ளி ரெண்டு.

– அண்ணா... எட்டுக்குள்ள இல்ல.

– இல்ல.

– அப்போ ரெண்டாவது ஆள் குடுத்தே ஆகணும்.

– ஆகணும். அவங்க போட்ட விதியே அதானே. எங்க தப்பாச்சுன்னு ஒரு பக்கம் எழுதித் தர்றேன். அப்படியே நீட்டு. கிளம்பு.

– கிளம்பறதா? அந்த வரிய இன்னும் பாக்கலையே.

– எந்த வரி?

– நடிக்காத. ‘வரல’.

– அது ஒண்ணே ஒண்ணுதான். தூக்கிட்டேன். சராசரி அசையாது.

– எந்த வரின்னு பாத்தியா?

– இல்ல.

– பாத்த. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றப்போ திரைல அதான் இருந்துச்சு. என்னப் பாத்ததும் மேல தள்ளிட்ட.

– உயிர வாங்காத. உனக்கு வேண்டியது கெடச்சாச்சுல்ல.

– திரும்பக் காட்டு.

– எதுக்கு?

– நாளைக்கு டைக்காரர் கேப்பார். எண்ணூத்தி நாப்பத்தி மூணுல ஒண்ணு எங்கன்னு. நான் என்ன சொல்ல? எங்க அண்ணன் தூக்கிட்டான்னா?

– பதிவுல பிழைன்னு சொல்லு.

– பிழை இல்லையே.

– உனக்கு எப்படித் தெரியும்?

– காட்டுன்னு சொல்றேன்.

– ... அறுநூத்திப் பதினொண்ணு. இந்தா.

– படி.

– நீயே படி.

– பதினேழாம் தேதி. ரெண்டு மணி நாப்பத்தொரு நிமிஷம். படுக்கை பன்னெண்டு...

– போதும்.

– மத்தியானம். நிமிஷம், வரல. நர்ஸு, ஏழு.

– போதும்னு சொன்னேன்.

– பன்னெண்டாம் படுக்கைல அன்னிக்கு யாரு இருந்தாங்கன்னு...

– என் பொண்டாட்டி எந்தப் படுக்கைல செத்தான்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம். அதுக்குத்தான் தூக்கினேன். போதுமா? நாளைக்கு நாலு பேர் மேஜைல அவ ஒரு வரியா கிடக்க வேணாம்.

– அண்ணா, ஏழு நான்.

– தெரியும்.

– தெரியாது உனக்கு. அன்னிக்கு மத்தியானம் என்ன வேற வார்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னேன். அம்மாகிட்ட சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். அங்கதான் இருந்தேன். நான் ஒருத்தி. மூணாம் படுக்கைப் பெரியவருக்குத் தையல் பிரிஞ்சு ரத்தம். ரெண்டு கையாலயும் அழுத்திட்டு நிக்கறேன். கைய எடுத்தா போயிடுவார். எதிர்ல அண்ணி ரூம் கதவுமேல மணி அடிச்ச லைட் எரியுது. எரியுது... எரிஞ்சிட்டே இருக்கு...

– நிறுத்து.

– ரெண்டு மாசமா நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். அப்புறம் நிமிந்து பாத்தா லைட் அணைஞ்சிருக்கு. அப்பாடா, யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன். யாரு இருக்கா போறதுக்கு? அந்த வார்டுல இருந்ததே நான்தானே. அது எனக்கு உறைக்கல. அரைமணி நேரம் கழிச்சுக் கை கழுவிட்டுப் போறேன், அண்ணி ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்க. தூங்கறாங்கன்னு போர்வைய இழுத்து விட்டேன், அண்ணா. இழுத்து விட்ட அப்புறம்தான்...

– வேணாம்.

– நாங்க போய்க் கார்டு வெச்சாத்தான் மிஷின் நிமிஷம் போடும். கார்டு வெக்காம லைட் அணைஞ்சா அந்தக் கட்டம் காலி. ஷிஃப்டு முடியறப்போ நாங்களே நிரப்பணும். எல்லாரும் குத்துமதிப்பா பத்து, பன்னெண்டுன்னு போடுவாங்க. எனக்கு அன்னிக்கு அப்படிப் போட மனசு வரல. நடந்தத அடிச்சேன்.

– கூத்துன்னு சொல்லிட்டேன். அப்போ அது நீ அடிச்சதுன்னு தெரியாது.

– கூத்துதான். அந்த ஒரு சொல்லாலதானே சராசரி ஆறாச்சு. ரெண்டாவது ஆள் வேணும்னு தொண்டை கிழியக் கத்தறவளே அத வர விடாம பண்ணியிருக்கேன்.

– நீ வேணும்னா பண்ண?

– இப்போ வேணும்னு பண்றேன். இந்த வரி இல்லாம நாளைக்குப் போக மாட்டேன். பதினொண்ணு புள்ளி ரெண்டுங்கறது வெறும் எண்ணு. பன்னெண்டு மாசம் டைம் குடுங்க, எட்டுக்குக் கொண்டுவர்றோம்னு பேரம் பேசுவாங்க. இத வெச்சுப் பேரம் பேச முடியாது.

– நர்ஸு ஏழு யாருன்னு கேப்பாங்க.

– நான்தான்னு சொல்லுவேன்.

– வேலை போயிடும்.

– போகட்டும்.

– அம்மாவுக்கு யாரு சொல்றது?

– நானே சொல்லிக்கறேன். உன்கிட்டயே சொல்லியாச்சு, இனிமே யாருகிட்ட பயம்? நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அண்ணி தனியா இருந்தாங்க. மணி அடிச்சாங்க. நான் வரல. இதான் நடந்துச்சு. நீ எழுதித் தர்ற பக்கத்துல இத முதல் வரியா போடு. ... எழுது. ஏன் கைய எடுத்துட்ட?

– அது தப்பு.

– எது தப்பு? தேதியா, நேரமா?

– அந்தச் சொல்லு.

– அண்ணா, என்னக் காப்பாத்தறேன்னு நீ ஒண்ணும் பண்ண வேணாம். அந்தக் கட்டத்துல வேற என்ன போடறது? என்ஏவா? காலியா விடறதா? ஒரு சொல் போட்டுத்தானே ஆகணும். நீயே சொல்லு, என்ன போடணும்?

– ... மணி அடிச்சது நான். நான் அப்போ கீழ போகல, பக்கத்துலதான் இருந்தேன். கதவு திறந்திருந்துச்சு. நீ அங்க அழுத்திட்டு நிக்கறது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது. ‘பாவம், அவளால கைய எடுக்க முடியாது, மணிய அணைச்சுடுங்க, நான் கொஞ்சம் தூங்கறேன்’னு அவ சொன்னா. அணைச்சுட்டுத்தான் மருந்து வாங்கப் போனேன். ‘புருஷன் அணைச்சுட்டான்’னு போடு.